மோட்டார் ஓடாத நேரத்துச் சூடு

செஞ்சிக் கடைத்தெருவில் பாண்டுரங்கா மோட்டார்ஸ் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருக்கிறது, அதில் ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஏழு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் ஜெயசுதா. கடை முதலாளி பாண்டுரங்கனின் மருமகள். சுற்றுவட்டாரத்தில் எண்ணூறு கிணற்றுக்கு மேல் அவள் கையால் செய்த போர்டுதான் மோட்டாரை ஓட்டுகிறது. அதில் ஒரே ஒரு கிணற்றைத்தான் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நம்பினால் நம்புங்கள், இதுதான் நடந்தது.

போர்டு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதில் இரண்டு ரிலே, அதாவது கரண்ட்டு பட்டதும் தானே விழுந்து பிடிக்கிற சுவிட்சு, கூடவே நாலைந்து சில்லறைச் சாமான்கள். கரண்ட்டு வந்தால் தானே மோட்டாரைப் போடும். வோல்டேஜ் படுத்தால் நிறுத்தும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்தும். விவசாயி ராத்திரி டார்ச்சு அடித்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. 'ஆட்டோ' என்று சொல்வார்கள். கம்பெனி ஆட்டோ மூன்று போகத்துக்கு வந்தால் பெரிது. ஜெயசுதாவின் ஆட்டோ நன்றாக உழைக்கும் என்று பேர் வாங்கியிருந்தது. பேர் கடைக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயசுதா திண்டிவனத்துக்காரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சார்ஜர் கம்பெனியில் பதினோரு மாதம் வேலை பார்த்தாள். செய்த சார்ஜரையெல்லாம் வரிசையாக மாட்டி, முழு லோடு கொடுத்து, எது சூடாகிறது எது சாகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. லோடு போட்டுப் பார்த்துத் தாங்கினால் நல்ல சரக்கு. அந்தப் பாடம் அவள் மண்டையில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. பன்னிரண்டாவது மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சிவசங்கர், கடையில் அப்பாவுக்குத் துணை. சிரித்த முகம். எதற்கும் 'நைனாவக் கேட்டுச் சொல்றேன்' என்பான். அவன் மேல் கோபப்படக்கூட முடியாது, அப்படி ஒரு பிறவி.

வந்த இரண்டாவது வருஷம், செத்துப் போன கம்பெனி போர்டு ஒன்றை யாரோ கடையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெயசுதா அதைச் சமையல்கட்டில் வைத்துப் பிரித்து, பத்து நிமிஷத்தில் உயிர் கொடுத்துவிட்டாள். பாண்டுரங்கன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இத்த நாமளே செய்ய முடியுமா?" என்றார். வியாபாரி கண். மறு வாரமே மாடியில் மேஜை வந்தது, சால்டரிங் அயர்ன் வந்தது, மீட்டர் வந்தது. இன்னொரு மாமனாராக இருந்தால் 'அடுப்படியைப் பார்' என்றிருப்பார். இவர் அப்படி இல்லை, நல்ல மனுஷர். அதுதான் வம்பே. கெட்டவரோடு மல்லுக்கு நிற்கலாம், நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். நல்லவரை என்ன செய்வது?

அவருக்கு இரண்டே கட்டளை. ஒன்று, மாடியை விட்டு இறங்கும்போது மெயினை அணைத்துவிட வேண்டும். ஒட்டினாற்போல் ஜவுளிக்கடைக் குடோன், ஒரு பொறி பறந்தால் போதும். இரண்டாவது, போர்டு மாட்டுகிற இடத்துக்கு அவள் போகக் கூடாது. மாட்டுவதற்கு தனசேகரன் இருக்கிறான், கடையின் எலக்ட்ரீஷியன். "நம்ம வீட்டு மருமவ காட்டுமேட்டுல சேத்துல நின்னா ஊரு இன்னா பேசும்? பாண்டுரங்கனுக்கு ஆளு வைக்க வக்கில்லன்னு பேசும்" என்பார். சண்டையாகச் சொல்ல மாட்டார், காப்பி குடித்துக்கொண்டே சொல்லுவார்.

ஜெயசுதாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தான் செய்தது வேலை செய்கிற இடத்தைத் தானே போய்ப் பார்க்க வேண்டும். எங்கே மாட்டுகிறார்கள், வெயில் எப்படி அடிக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு வருகிறது, அந்த ரிலே 'டக்' என்று விழுந்ததும் மோட்டார் எப்படி உறுமுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளை நடப்பதைப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. கேட்டுப் பார்த்தாள். சிவசங்கர் நைனாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். நைனா சிரித்தார். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் கோடையில் ஒரு புகார் வந்தது. சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துக்கொள்கிறது, ரிலே பிடிக்காமல் கடகடவென்று அடித்துக்கொள்கிறது என்றார்கள். நியாயமான புகார். அந்தப் போர்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. லைன் கரண்டை ஒரு கெப்பாசிட்டர் மட்டுப்படுத்தி உள்ளே விடும். வோல்டேஜ் குறைந்தால் அதன் வழியாக வருவதும் குறைந்து, ரிலேக்களுக்குப் பற்றாமல் போகும். ஜெயசுதா அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு ஒரு சைஸ் பெரிதாகப் போட்டாள். கரண்டு தாராளமாக வந்தது, கடகட நின்றது. கோடை முழுக்க ஒரு போர்டும் திரும்பவில்லை. பாண்டுரங்கன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் இரண்டு. அடுத்த வாரம் ஐந்து. தீபாவளி முடிந்து பதினொன்று. தலைவலி போய்த் திருகுவலி வந்தது. எல்லாவற்றிலும் ஒரே சாவு. ஜீனர் டையோடு ஷார்ட். அரிசி மணி அளவுக்கு ஒரு சாமான், கண்ணாடி உடம்பு. வோல்டேஜ் இருபத்துநாலைத் தாண்டாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ரிலேக்களுக்கு இணையாக நின்றுகொண்டு, மிஞ்சுகிற கரண்டையெல்லாம் தன் வழியாக இழுத்துக் கொள்ளும். அது கருகி, அதைச் சுற்றிப் பச்சை அட்டையும் வறுத்த வெந்தய நிறத்துக்குப் போயிருந்தது.

"எப்படிய்யா போச்சு?" என்று தனசேகரனைக் கேட்டாள்.

"செத்துப்போச்சு அண்ணி."

"செத்தது தெரியுது. எப்போ? மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதா? கரண்ட் வந்த உடனேவா?"

"அதெல்லாம் யாருக்கு அண்ணி தெரியும்? காலைல வந்து பாத்தா செத்துக் கெடக்குதுன்றாங்க. மழை பேஞ்சா போயிடுது."

மழை பெய்தால் போய்விடுகிறது. அந்த ஒரு சொல் அவளை ஒன்றரை மாதம் சுற்றலில் விட்டது. மழை என்றால் இடி, மின்னல். சரி, மின்னல் தாங்கி ஒன்றைச் சேர்த்தாள். போர்டு திரும்பி வந்தது. மழை என்றால் ஈரம். சரி, போர்டு முழுக்க வார்னிஷ் பூசினாள். திரும்பி வந்தது. பெட்டிக்குள் சாரல் அடிக்கிறதோ என்று தனசேகரனிடம் சொல்லி, பெட்டியைச் சுற்றி யூரியா சாக்கு கட்டி டேப் ஒட்டச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னும் சீக்கிரமாகத் திரும்பி வந்தது! ஜீனர் போலிச் சரக்கோ என்று சென்னையிலிருந்து வேறு ஜீனர் வரவழைத்தாள். அதுவும் செத்தது.

மேஜையில் மாட்டிப் பார்த்தாள். காலை பத்து மணிக்கு ரிலே இரண்டையும் பிடிக்க வைத்து, முழு லோடில், சாயங்காலம் ஆறு மணி வரை. விரலால் தொட்டால் ஜீனர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மூன்று நாள் அப்படி ஓட்டினாள். பழுது என்று ஒன்று இருந்தால் இந்த அறைக்குள் வரவே மாட்டேன் என்கிறதே! சாப்பிட இறங்கும்போது மெயினை அணைப்பாள். ஏறி வந்து போடுவாள், உடனே ரிலேயைப் பிடிக்க வைப்பாள். கரண்ட்டு உண்டு, ஆனால் ரிலே பிடிக்கவில்லை, மோட்டார் சும்மா கிடக்கிறது என்கிற நிலையில் அந்தப் போர்டு அவள் மேஜையில் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சும்மா இருக்கிற எதற்கும் கரண்ட்டு கொடுக்க மாட்டார்கள்.

நான்கு சுவரும் அவள் மேல் சாய்கிற மாதிரி இருந்தது. கொல்லன் கையில் கட்டுப் போட்டுவிட்டு உலையை ஊது என்றால்? "ஒரே ஒரு இடத்துக்கு நான் போய்ப் பாக்கறேன் மாமா. அரை நாள்தான்" என்று கேட்டாள்.

"தனசேகரன் எதுக்கு இருக்கான்? உனக்கு இன்னா வேணுமோ எழுதிக் குடு, அவன் பாத்துட்டு வந்து சொல்லுவான்" என்றார் பாண்டுரங்கன்.

எழுதிக் கொடுத்தாள். வோல்டேஜ் எவ்வளவு, பெட்டி எங்கே, மோட்டார் எத்தனை மணி நேரம் என்று பதினான்கு கேள்வி. தனசேகரன் பதினான்குக்கும் 'நல்லா இருக்குது' என்று பதில் கொண்டு வந்தான். ஜெயசுதா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு ஜீனருக்காக அழுவார்களா என்று கேட்காதீர்கள். அவள் அழுதாள்.

அப்புறம் லட்சுமியம்மாள் வந்தாள்.

பனமலைக்காரி. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, ஐந்து குதிரை மோட்டார். அவள் கிணற்றில் மட்டும் நாலு போர்டு போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்து வந்து, செத்த போர்டைக் கடை மேஜையில் 'படார்' என்று வைத்தாள். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். கடையில் ஆறேழு பேர்.

"மொதலாளி, மல்லாட்டை வெதைக்கப் போறேன். நாலு தபா மாத்திக் குடுத்துட்டீங்க, நான் ஒண்ணும் கொறை சொல்லல. ஆனா இனிமே எனக்குப் போர்டு வேணாம். இத்த செஞ்ச ஆள அனுப்புங்க."

"லட்சுமியம்மா, தனசேகரன அனுப்பறேன்..."

"அந்தப் புள்ள வருது, மாட்டுது, மோட்டார் ஓடுச்சான்னு பாக்குது, வண்டிய முறுக்கிட்டுப் போயிடுது. செஞ்சவங்கள அனுப்புங்க. இல்லன்னா நான் இங்கயே உக்காந்துக்கறேன்." சொன்னபடியே ஒரு மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலையை வேறு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாண்டுரங்கனுக்கு வேர்த்தது. கடைக்குள் ஒரு குடியானவள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தால் அடுத்த சந்தைக்குள் அனந்தபுரம் வரைக்கும் சேதி போய்விடும். மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, "ஏம்மா ஜெயசுதா, சிவசங்கரோட வண்டில போய்ட்டு வந்துடு. இந்த ஒரு தபா" என்றார்.

அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டி மூன்றே எட்டில் படியிறங்கிவிட்டாள். எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று திரும்பியே பார்க்கவில்லை.

கடையின் லோடு வண்டியில் முன்னால் மூன்று பேர், பின்னால் பைப்புகளோடு தனசேகரன். அனந்தபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீர் தளும்பிக் கிடந்தது. "இன்னாம்மா, வாயத் தொறந்துட்டே வர?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள். ஜெயசுதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. மோட்டார் கொட்டாய்களை எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொன்று வரை எண்ணினாள். அதில் எத்தனை தன்னுடையதோ!

கிணற்றடியில் புதுப் போர்டை அவளே மாட்டினாள். ரிலே 'டக்' என்று விழுந்தது, மோட்டார் உறுமியது, குழாயில் கை பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஜெயசுதா அந்தத் தண்ணீரில் கையை விட்டு அப்படியே நின்றாள். வோல்டேஜ் பார்த்தாள், இருநூற்று அறுபத்தைந்து. கடைத்தெருவில் இருநூற்று இருபது. குறித்துக்கொண்டாள். பெட்டியைச் சாக்கில் கட்டினார்கள். மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்திருந்தாள் லட்சுமியம்மாள், அந்தப் பெட்டிக்கு.

"அவ்ளோதான் அண்ணி, ஓடுச்சு. கெளம்பலாமா?" என்றான் தனசேகரன்.

"எங்க கெளம்பறது? என் கொல்லைக்கு மொத மொதல்ல வந்திருக்குது இந்தப் பொண்ணு. சாப்டாம அனுப்புவனா?" என்று லட்சுமியம்மாள் சுவிட்சைத் தட்டி மோட்டாரை மட்டும் நிறுத்தினாள். "நெலம் சொதசொதன்னு இருக்குது, இப்ப எதுக்குத் தண்ணி? மழை விட்டாத்தான் வெதைக்கவே முடியும். பத்து நாளா மோட்டாரே போடல."

வேப்பமரத்தடியில் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. ஜெயசுதா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். கிளம்புகிற சமயத்தில்தான் மீட்டரைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. எடுக்கப் போனவள் சாக்கின் மேல் கை வைத்தாள்.

சாக்கு வெதுவெதுவென்று இருந்தது.

மழைக்காலம், மூடாப்பு, வெயிலே இல்லை. மோட்டார் ஓடவில்லை. எது சுடும்? "தனசேகரா, ப்யூஸைப் பிடுங்கு!" என்று கத்தினாள். அவன் பிடுங்கினான். சாக்கை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, ஜீனர் மேல் விரல் வைத்தாள். 'ஆ' என்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்து கொப்புளம் கட்டியது. அவள் சிரித்தாள். சிவசங்கர் பயந்துபோய் "இன்னா ஆச்சு?" என்று ஓடி வந்தான். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது பனமலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஏரி நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலிங்கல் வழியாக இரைந்துகொண்டு போயிற்று.

"தனசேகரா, இத்தப் பாரு. ஏரிக்குத் தண்ணி வந்துட்டே இருக்குது. மடைய நீ தொறந்தாலும் வரும், மூடினாலும் வரும். மடை தொறந்திருந்தா வயலுக்குப் போனது போவ மிச்சம்தான் கலிங்கல்ல விழும். மடைய மூடிட்டா?"

"மொத்தமும் கலிங்கல்லதான் போவும் அண்ணி."

"அதான் நம்ம ஜீனர். ரிலே பிடிச்சிருந்தா பாதிக்கு மேல ரிலேவே குடிச்சிடுது, ஜீனர் சும்மா நிக்குது. மோட்டார நிறுத்தினா மொத்தக் கரண்டும் அது தலைமேல. கோடைல மோட்டார் ஓடிட்டே இருந்துச்சு, பொழைச்சிருந்துச்சு. மழைல மோட்டார யாரு போடறா? யாரும் போடாததால லைன்ல வோல்டேஜும் ஏறிக் கெடக்குது. பத்து நாள் ராவும் பகலும் நின்னு வேவுது. நான் வேற கெப்பாசிட்டரப் பெருசாக்கி வெள்ளத்த அதிகமா விட்டேன். சாக்கு வேற கட்டச் சொன்னேன்."

மின்னலும் இல்லை, ஈரமும் இல்லை, போலிச் சரக்கும் இல்லை. கோடைப் புகாரைச் சரி செய்த அவள் கைதான் மழைக்காலத்துப் பழுதைச் செய்தது. கம்பெனியில் படித்த பாடம் லோடு போட்டால்தான் சூடு என்று சொல்லிக்கொடுத்தது. ஜீனர் விஷயத்தில் அது நேர் தலைகீழ். தெரியாததில்லை, புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் மேஜையில் ஒரு நாளும் அது அப்படிச் சுட்டதில்லையே!

மறுநாளே ஒரு வாட் ஜீனருக்குப் பதிலாக ஐந்து வாட் ஜீனர் போட்டாள். அட்டையில் ஒட்டாமல் காற்றுப் படும்படி அதன் கம்பிக் காலைத் தூக்கி நிறுத்தினாள். சாக்கை அவிழ்த்துவிட்டுப் பெட்டியின் அடியில் நாலு ஓட்டை போடச் சொன்னாள். அன்று முதல்முறையாக மெயினை அணைக்காமல், பாண்டுரங்கனிடம் சொல்லிவிட்டு, ரிலே பிடிக்காத போர்டை ராத்திரி முழுக்கக் காவல் இருந்து பார்த்தாள். ஜீனர் சுட்டது, ஆனால் தாங்கியது. வெளியே போன பழைய போர்டுகளையெல்லாம் தனசேகரன் கொண்டு வந்து மாற்றிக்கொண்டு போனான். தை பிறப்பதற்குள் வேலை முடிந்தது.

ஜெயசுதா மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு தடவை போனோம், பழுதைப் பிடித்தோம், இனி அவசரம் என்றால் கூப்பிடுவார்கள். பனமலை ஆயிற்று, அடுத்து மேல்மலையனூர்ப் பக்கம், அப்புறம் வேறு எங்காவது. வாரம் ஒரு நாள் போதும். அதற்கு மேல் அவளுக்கு ஆசையில்லை.

பாண்டுரங்கனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பொங்கலன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஒரு மாசமா ஒரு போர்டு திரும்பல! எங்க மருமவ கெட்டிக்காரி" என்றார். "இனிமே நீ எங்கயும் அலைய வேணாம்மா. பனமலைக்குப் போய் விரலச் சுட்டுக்கினியே, அதுவே எனக்குப் பொறுக்கல."

அவள் இலையைப் பாதியில் மூடினாள். தன் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போர்டு கெட்டதனால் வெளியே போனாள். போர்டு கெடாது என்று ஆகிவிட்டது. இனி எதற்குப் போவது?

மாசி மாதம் ஐம்பது போர்டு ஆர்டர் வந்தது. நாற்பத்தெட்டு முடித்திருந்தாள். மிச்சம் இருந்த பழைய ஒரு வாட் ஜீனர்கள் டப்பாவில் கிடந்தன. நாற்பத்தொன்பதாவது போர்டில் அதில் ஒன்றை எடுத்து வைத்து ஈயம் வைத்தாள். ஒரே ஒரு போர்டு. யாருக்கும் தெரியப் போவதில்லை. வருகிற மழையில் கருகும், தனசேகரனுக்குப் பிடிபடாது, யாராவது ஒரு லட்சுமியம்மாள் வந்து கடையில் உட்காருவாள். செஞ்சவங்கள அனுப்புங்க என்பாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விதைத்த நிலம் தண்ணீருக்குக் காத்திருக்கும், மோட்டார் ஓடாது, யாரோ ஒருத்தி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள். 'நாலு தபா மாத்திக் குடுத்துட்டீங்க, நான் ஒண்ணும் கொறை சொல்லல' என்று அந்த அம்மாள் சொன்னாளே, அந்தக் குரல். "சீ!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜீனரைப் பிடுங்கி எறிந்தாள். ஐந்து வாட்டை வைத்தாள். ஐம்பதாவதையும் முடித்தாள். முடித்த கையோடு படியிறங்கினாள்.

பதினொரு மணி. கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சிவசங்கர் பைப்பு அளந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவளாகவே கடைக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை.

"மாமா, நான் வெளிய போவணும்."

"எங்கம்மா? கோயிலுக்கா? சிவசங்கர் கூட்டிட்டுப் போவான்."

"கோயிலுக்கு இல்ல. போர்டு மாட்டற எடத்துக்கு. வாரத்துல ஒரு நாள். கெட்டாத்தான் போவணுமா? நல்லா ஓடறத நான் பாக்கக் கூடாதா? அந்த ரூம்புல எனக்கு மூச்சு முட்டுது மாமா."

பாண்டுரங்கன் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மூச்சு முட்டுதா? ஏம்மா இத்தினி நாளா சொல்லல? எப்பேர்ப்பட்ட பாவி நான், மேல போய்ப் பாக்காம இருந்துட்டேன்! டேய் சிவசங்கர், பைப்ப அப்பறம் அளக்கலாம். மொதல்ல போன் பண்ணுடா."

மறுநாள் காலை ஏசி வந்தது. உசத்தி ரகம். இரண்டு பேர் ஏணி போட்டுச் சுவரைத் துளைத்து மாட்டினார்கள். மாடி அறைக்குத் தெருப் பக்கம் ஒரே ஒரு மர ஜன்னல், பழங்காலத்தது, சரியாகச் சேராது. மெக்கானிக் அதைத் தட்டிப் பார்த்தான்.

"மேடம், இந்தச் சந்துல குளிரெல்லாம் வெளிய போயிடும். பலகை அடிச்சு, சுத்தி சிலிக்கான் பூசிடறோம். அப்பறம் தொறக்க முடியாது, பரவால்லையா?"

ஜெயசுதா வாயைத் திறப்பதற்குள், "பூசுப்பா, நல்லாப் பூசு" என்றது ஒரு குரல். பாண்டுரங்கன் வந்துவிட்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், அந்த மாடிக்கு அவர் ஏறி வருஷம் இரண்டு ஆகியிருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். அவர்கள் பலகை வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தார்கள். வெள்ளையாகச் சிலிக்கானைச் சுற்றிப் பூசினார்கள். தெருச் சத்தம் முதலில் குறைந்தது, அப்புறம் இல்லாமலே போயிற்று.

ஏசியைப் போட்டார்கள். ஜில்லென்று காற்று வந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்குது?" என்று பாண்டுரங்கன் ஆசையாகக் கேட்டார்.

அவரைப் பார்த்தாள். இந்த மனுஷரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள். மனசாரத்தான் நினைத்தாள்.

"நல்லா இருக்குது மாமா" என்றாள்.

அவர் திருப்தியாகப் படியிறங்கினார். போகிற போக்கில் குளிர் வீணாகக் கூடாதென்று கதவையும் இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.